ரிஜெக்ட் அண்ணனின் முன்நெற்றி

பிரஷ் கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. ரிஜெக்ட் அண்ணன் தலையில் புதிதாக நட்ட முடியை அவர் பொண்டாட்டி சண்டையில் கொத்தாகப் பிடுங்கிவிட்டாளாம். மிஷின் பக்கம் கிளம்பிய செய்தி பேக்கிங் வந்து சேருவதற்குள் அந்தம்மா கையில் ஒரு கரண்டியும் முளைத்துவிட்டது. முன்நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டவெளி இருந்தது உண்மை. அது எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு அப்புறம் அந்தம்மாவைப் பேசுங்கள்.

அண்ணனுக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது. அவர் செக்கிங். பெட்டிக்கு ஒரு பிரஷ் எடுத்து, இரண்டு விரலால் பிடித்து முடியை இழுப்பார். மூன்றுக்கு மேல் கையோடு வந்தால் பெட்டி முழுவதும் ரிஜெக்ட். அடியில் இறுக்கியிருக்கும் குட்டிக் கம்பியோடு ஒன்று வந்தாலே போதும், முடி நின்ற ஓட்டை காலி, பேச்சே கிடையாது. பிரஷில் முடி நடும் மிஷின்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான். "புது சரக்குண்ணே, முதல்ல கொஞ்சம் கொட்டும். அப்புறம் நின்னுடும்." பத்தொன்பது வருஷமாக அந்தப் பாட்டுக்கு அவர் மசிந்ததில்லை.

இருபத்தாறு வயதிலேயே தலை வெளிச்சமாகிவிட்ட மனிதர். போன வருஷம் பஸ்ஸில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து, "உக்காருங்க பெரியவரே" என்று இடம் கொடுத்தார். அண்ணன் உட்காரவில்லை. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தார். அடுத்த மாதமே போய் முடி நட்டுக்கொண்டு வந்தார். யாருக்குக் காட்ட என்று மனைவி கேட்டதற்கு, கண்ணாடிக்கு என்றார்.

பதினெட்டாம் நாள் தலையணையில் ஏழு முடி. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. அண்ணன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியோடு வந்திருக்கிறது, ஓட்டை காலி. கிளினிக்குக்குப் போன் போட்டார். நட்ட முடி முதலில் கொட்டத்தான் செய்யும், வேர் உள்ளேயே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்கும் என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை முறைத்துப் பார்த்தார். அதே பாட்டு.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே சோதனையைச் செய்தார். இரண்டு விரல், ஒரு இழுப்பு. ஐந்து. பக்கத்தில் இன்னொரு இழுப்பு. ஆறு. ஒரு இடமாவது பாஸாகிவிடாதா என்று மூன்று நாள் இழுத்தார். வந்ததையெல்லாம் செல்லோ டேப்பில் ஒட்டி, கம்பெனிப் பழக்கத்தில் தேதியும் போட்டார்.

நான்காம் நாள் மனைவி கதவைத் தட்டாமல் திறந்தாள். டேப்பும் கையுமாக, கண் கலங்கி, முக்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்ட வாயெடுத்தவள் அதை விட்டுவிட்டு, துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் கிடைத்த கிளினிக் காகிதத்தைக் கொண்டுவந்து நிறுத்தி நிதானமாகப் படித்தாள். அந்த வெள்ளைப் பொட்டு வேர் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. சரக்கு விற்றவன் அப்படித்தான் எழுதுவான் என்றார் அண்ணன்.

அவள் உள்ளே போய்த் தன் சீப்பை எடுத்துவந்து நீட்டினாள்.

"இதைச் செக் பண்ணுங்க. எனக்கும் தினம் கொட்டுது. நானும் ரிஜெக்ட்டா?"

அண்ணன் சீப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அவள் முடியிலும் அதே வெள்ளைப் பொட்டு. அவள் தலையைப் பார்த்தார். இடுப்பு வரைக்கும் ஜடை.

"பிரஷ்ல திரும்ப முளைக்காதுங்க. தலையில முளைக்கும். முதல்ல கையை எடுங்க."

எடுத்தார். நான்கு மாதம் தொப்பியோடு வேலைக்கு வந்தார். வேர்வை துடைக்கத் தூக்கியபோது எவனோ வெட்டவெளியைப் பார்த்துவிட்டான். ஊர் வாய்க்குத் தொப்பி போட முடியுமா? கரண்டி வந்ததெல்லாம் அந்த நாலு மாதத்தில்தான்.

வெட்டவெளியில் பூனைமுடி எட்டிப்பார்த்த வாரம், டீ நேரத்தில் மிஷின்காரன் ஒருவன், அண்ணி கைக்கு ரொம்ப பலமாமே என்று சிரித்தான். அண்ணன் தொப்பியைக் கழற்றி, தலையை அவன் மூக்குக்கு நேரே குனிந்து காட்டினார்.

"அவ பிடுங்கலைடா, நான்தான் இழுத்தேன். அவ வந்துதான் நிறுத்துனா. போய் உன் பெட்டியை எடுத்துட்டு வா."