கோமளம் தொடக் கூடாது

மர்பி டவுனில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே கோமளம் ஆயா வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அதற்குள் எட்டு டாக்டர்கள் வந்து போய்விட்டார்கள். அவளை அசைக்க ஆளில்லை. வலியில் துடிப்பவளிடம், "நல்லா கத்துடியம்மா, யாரு கேக்கறது" என்பாள். கத்தாதே என்று அதட்டும் மாமியாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

இந்த வருஷம் வைட்ஃபீல்ட் கம்பெனி ஒன்றிலிருந்து பரத் என்ற எஞ்சினியர் லேப்டாப்போடு வந்து இறங்கினான். கர்ப்பிணியின் வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பு எவ்வளவு தாறுமாறாக ஏறி இறங்குகிறது என்று கணக்குப் போடுவது அவன் ஆராய்ச்சி. கொஞ்சம் தாறுமாறாக இருந்தால்தான் குழந்தை நலமாம். ஒரே சீராக ஓடினால் ஆபத்தாம்.

"இதுக்கா இவ்ளோ படிச்சே? எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் ஒழுங்கா இருந்தா நானும் அப்படித்தான் பயப்படுவேன்" என்றாள் கோமளம்.

அவனுக்கு அவள்தான் பெரிய தலைவலி. வலியில் இருப்பவளின் இடுப்பை நீவுவாள், கையைப் பிடிப்பாள். திரையில் கோடு கலைந்துபோகும். "ஆன்ட்டி, ரெக்கார்டிங் முடியற வரைக்கும் பேஷண்டைத் தொடவே கூடாது" என்று தடை போட்டுவிட்டான். இப்போதிருக்கும் டாக்டர் ஷோபாவும் தலையாட்டிவிட்டார். கோமளம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை இளவேனிலுக்குத் தலைப்பிரசவம். புருஷன் பொம்மசந்திராவிலிருந்து வரும் வழியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தான். திரையில் துடிப்பு நூற்றிருபதைச் சுற்றி ஏறி இறங்கியது. "சூப்பர் சிக்னல்!" என்று பரத் பூரித்துப்போனான். கட்டிலில் கிடந்தவளோ வெளிறிப்போயிருந்தாள்.

"ஆயாம்மா, பயமா இருக்கு. கையைப் புடிச்சுக்கோங்க."

தடையாவது ஒன்றாவது! கோமளம் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் நாடி ஓடியது. மெஷினும் டப்டப்பென்று கூடவே ஓடியது. நாடி வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. கோமளம் பரத் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"தம்பி, இது அம்மாவோட துடிப்பு! குழந்தையோடது எங்க?"

டாக்டர் ஷோபா ஓடிவந்து பெல்ட்டை நகர்த்தித் தேடினார். கிடைத்தது. நூற்றுப்பத்துக்குக் கீழே இறங்கக் கூடாத துடிப்பு எழுபதில் இருந்தது. அப்புறம் அறுபத்தைந்து. கட்டில் ஆபரேஷன் தியேட்டருக்குப் பறந்தது.

பரத் வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோமளம் கதவருகே நின்றாள். கால் மணி நேரம் கழித்து உள்ளே பெண் குழந்தை வீறிட்டது.

"எப்படி ஆன்ட்டி கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்கப்பா கண்டுபிடிச்சேன்? பயந்துட்டா, கையைப் புடிச்சேன். நீ சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா..."

அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.