திருப்பி வைத்த கண்ணாடி

பட்டறையில் எல்லோரும் அவளை மில்லிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பம்பு உதிரிப்பாகங்கள் செய்யும் அந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக உலோகத்தைச் சீவும் அதே மில்லிங் மெஷின், அதே ஸ்டூல். தகட்டை விரலால் தடவியே எத்தனை மில்லி என்று சொல்லிவிடுவாள். நான்கு வருஷத்துக்கு முன் அவளுடைய தங்கையும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஆனால் தங்கைக்கு மாடியில் இடம். கம்ப்யூட்டரில் வரைகிற வேலை, ஏசி அறை, கதவில் 'டிசைன்' என்று பலகை.

தங்கையை அந்தப் படிப்பு படிக்க வைத்தது அக்காவின் உழைப்புதான். யாரும் வற்புறுத்தவில்லை, பத்தொன்பது வயதில் அக்கா தானாகவே தன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அதனால் இப்போது யாரைக் குறை சொல்வதென்றும் தெரியவில்லை. வயிற்றெரிச்சலைக் கொட்ட ஓர் ஆள் இருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒருநாள் முதலாளியின் நண்பரான போட்டோகிராபர் தன் பழைய மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கை அகல பிலிமில் படமெடுக்கும் பெரிய கேமரா. முன்னால் லென்ஸுக்கு ஒரு சட்டம், பின்னால் ஒரு சட்டம், நடுவில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்புத் தோல், சட்டங்கள் முன்பின் நகர அடியில் ஒரு ரெயில். பின்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான கண்ணாடி. அந்தச் சொரசொரப்பில் படம் தலைகீழாக விழும். அதைப் பார்த்துத் தெளிவைச் சரிசெய்துவிட்டு, அதே இடத்தில் பிலிமைச் செருக வேண்டும்.

"இதையே அலுமினியத்துல, இம்மி ஆடாம நிக்கிற மாதிரி செஞ்சு குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

ஏழு மாதம் பிடித்தது. தங்கை வரைந்தாள், அக்கா கட்டி கட்டியாய் அலுமினியத்தைச் சீவி எடுத்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி, "நம்ம டிசைனர் மேடம் செஞ்ச கேமரா" என்றார். 'செஞ்ச' என்ற அந்த ஒரு சொல், நகக்கண்ணில் ஏறிய அலுமினியச் சிலாம்பு போல அக்காவை உறுத்தியது.

"ரெயில்ல சட்டம் எப்படி வழுக்கிக்கிட்டு போகுது தெரியுமா? உன் கையே கைதான்" என்றாள் தங்கை ஒரு சாயங்காலம், வீட்டில் துணி மடித்தபடி.

"டிராயிங்ல இருந்ததைத்தானே செஞ்சேன்" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாராட்டுகூட மாடியிலிருந்து எறிகிற மாதிரிதான் அவள் காதில் விழுந்தது.

கடைசியாகப் பின்சட்டத்தின் வரைபடம் கீழே வந்தது. கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் பார்ப்பவரை நோக்கி இருக்க வேண்டும் என்று தங்கை குறித்திருந்தாள். அக்காவுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. சொரசொரப்பு லென்ஸைப் பார்க்க வேண்டும். இப்படி வைத்தால் கண்ணாடியின் தடிமன் அளவுக்கு, இரண்டு மில்லி, படம் பிலிமைத் தாண்டிப் போய் விழும். பென்சிலை எடுத்தாள். பிறகு காதில் செருகிக்கொண்டாள். மேடம் வரைந்ததை மெஷின்காரி திருத்துவதா? குறித்தபடியே பொருத்தி, திருகுகளை இறுக்கி அனுப்பினாள். அன்று சாப்பாடு ருசித்தது. அதை நினைக்க அவளுக்கே கூச்சமாகவும் இருந்தது.

போட்டோகிராபர் முதலாளியை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்தார். மூன்றாம் நாள் பிரிண்டோடு வந்தார். பின்சுவரில் கடிகாரத்தின் முள் துல்லியமாக இருந்தது. முதலாளியின் முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்தது மாதிரி கலங்கியிருந்தது.

முதலாளி அக்கா பக்கம் திரும்பினார். "மில்லிங்ல எங்கயோ அளவு விட்டிருக்கும்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "அக்கா கையில அளவு தப்பாது சார். தப்பு என் டிராயிங்லதான் இருக்கும். பார்த்துச் சொல்றேன்."

அக்காவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பழியை ஏற்பதில்கூட இவள்தான் உயர்ந்தவளா? திருப்புளியை எடுத்தாள். நான்கு திருகு, கண்ணாடியைத் திருப்பினாள், மறுபடி நான்கு திருகு.

"இப்ப எடுங்க. சரியா வரும்."

முதலாளி சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின் மெஷின் அருகே வந்து நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"ஏன்க்கா சொல்லல?"

"நீ ஒரு தடவை தோக்கணும்னு இருந்துச்சு" என்றாள் அக்கா. மெஷினைத் துடைக்கிற கை நிற்கவில்லை.

மூன்று வாரம் ஒரே வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த படம் தெளிவாக வந்தது. இன்னும் ஐந்து கேமராவுக்கு ஆர்டரும் வந்தது. புதிய வரைபடத்தைத் தங்கை முதலாளியிடம் கொண்டுபோகாமல் நேராக அக்காவின் மேஜையில் விரித்தாள். ஓரத்தில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் புதிதாக இருந்தது.

"படிச்சுட்டு கையெழுத்துப் போடு. தப்பிருந்தா சொல்லு" என்றாள், கண்ணைப் பார்க்காமல்.

அக்கா மூன்று தப்பு கண்டுபிடித்தாள். இரண்டைச் சொன்னாள். தங்கை திருத்திக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள். மூன்றாவதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு அக்கா தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, தானே அந்தப் படிகளில் ஏறி, டிசைன் அறைக் கதவைத் தள்ளினாள்.