வளைவில் காய்ந்த நெல்

தேவசகாயத்துக்குச் சாலையில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை. கொதிக்கிற பெயிண்டை வண்டியில் ஊற்றி, நேர் பிசகாமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். காலுக்குக் கீழே தார்ச் சூடு, முகத்துக்கு நேரே பெயிண்டுச் சூடு, தலைக்கு மேலே காஞ்சிபுரத்து வெயில். நடந்துகொண்டே சம்பாதிக்கிற மனுஷன் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஒரு நாள் நடந்து பார்த்தால் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த வேலை காத்திருக்கும். மகள் சிம்ரன் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். கடை அடைத்து, மாகறல் சாலையில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். ஊருக்குச் சற்று முன்னால், ஏரிக்கரையில் சாலை சட்டென்று திரும்புகிறது. அங்கே விளக்கு கிடையாது. ஒரு மழை நாளில் அவள் வளைவு தெரியாமல் நேரே போய்ச் சேற்றில் விழுந்தாள். அன்றிலிருந்து தேவசகாயம் டார்ச்சோடு அந்த வளைவில் நிற்கிறார். வேலையை விடு என்று மகளிடம் சொல்ல மனம் வரவில்லை. தினம் நிற்கவோ உடம்பு இடம் கொடுக்கவில்லை. இருந்தும் நின்றார்.

இந்தத் தையில்தான் அந்தப் புதுப் பூச்சு வந்தது. பகலில் வெயில் பட்டால் போதும், இருட்டியதும் தானாகப் பச்சையாய் ஒளிரும். வெள்ளோட்டத்துக்கு அந்தச் சாலையிலேயே ஒரு துண்டைக் கொடுத்திருந்தார்கள். இன்ஜினியர் பார்த்துத் திருப்தியானால் ஊர் வரைக்கும் போடுவார்கள், இல்லாவிட்டால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வளைவின் ஓரத்தில் தேவசகாயம்தான் அகலமாகப் பூசினார். யார் யார் வீட்டுக்கோ வழி காட்டிக் கோடு போட்டவர், அன்றைக்குத் தன் வீட்டு வாசலுக்குப் போடுவதுபோல நிதானமாகப் போட்டார்.

அன்று இரவே வளைவு முழுக்கத் தெரிந்தது. இனிமேல் எதற்கு வந்து நிற்கிறாய் என்று சிம்ரன் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். அடுத்த நாள் முதல் அவர் போகவில்லை. சாப்பிட்ட கையோடு படுத்தார். அடித்துப் போட்டதுபோல அப்படியொரு தூக்கம்.

இன்ஜினியர் பார்க்க வந்த நாளில் தேவசகாயம் டவுனில் வேலையை முடித்துக்கொண்டு அவரோடு ஜீப்பிலேயே வந்தார். கான்டிராக்டரும் கூட இருந்தார். பொழுது சாய்ந்திருந்தது. வளைவுக்கு முன்னால் பூசின இடமெல்லாம் பச்சையாய் ஒளிர்ந்தது. வளைவு மட்டும் இருட்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு நெல் குவியல், மேலே மூடிய தார்ப்பாய், சுற்றிலும் கற்கள். காலையில் பரப்பி, சாயங்காலம் குவித்து வைத்திருக்கிறார்கள். ஜீப் வெளிச்சத்தில் தார்ப்பாயில் தைத்திருந்த ஒட்டுத்துணியைப் பார்த்ததுமே தேவசகாயத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவர் வீட்டுத் தார்ப்பாய். குத்தகை நிலத்தில் முந்தின நாள் அறுத்த நெல்.

கலவையில் கோளாறா, பூசினதில் கோளாறா என்று கான்டிராக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"பூச்சு நல்லாத்தான் இருக்குது சார். பகல் முச்சூடும் மேல நெல்லு கெடந்திருக்குது, வெயிலே படல. என் வூட்டு நெல்லுதான்" என்றார் தேவசகாயம்.

இன்ஜினியர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அடுத்த அறுப்புக்கும் இங்கதானே காயப்போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டுமே.

"ஊர்ல களம் இல்ல சார். வேற எங்க போடுறது."

இந்தச் சாலைக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் ஜீப்பில் ஏறினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அவ்வளவு நீளச் சாலையில் உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று மனைவி வடிவிடம் கேட்டார்.

"நீ பூசுன எடமாச்சேன்னுதான் போட்டேன். கல்லு மண்ணு இல்லாம வழவழன்னு இருந்துது. எல்லாரும் அந்த எடத்துக்குத்தான் போட்டி போட்டாங்க. எங்க வூட்டுக்காரரு போட்டதுன்னு சொல்லி நான்தான் முன்னாடியே போய்ப் புடிச்சேன்."

இதற்குமேல் அவளைத் திட்ட அவரால் முடியவில்லை. பெருமைப்பட்டுச் செய்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னார். வெயில் படாவிட்டால் ஒளிராது என்று தனக்கு யாரும் சொல்லவில்லையே என்றாள் வடிவு. அதுவும் நிஜம்தான். தூங்கப் போகிற அவசரத்தில் அவர் வீட்டில் எதையும் சொல்லியிருக்கவில்லை.

கடை அடைக்கிற நேரம் ஆயிற்று. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்தார். வடிவு அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ படு. இனிமே நான் நிக்கிறேன்."

அவர் படுத்தார். உடம்பெல்லாம் தூக்கத்துக்கு ஏங்கியது, கண் மட்டும் மூடவில்லை. அதுவரை மகள் ஒருத்தியை நினைத்துத்தான் பயம். அன்றைக்கு அந்த இருட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.