பாலத்து ஸ்டாப் அளவு

என் நாத்தனாருக்கு டிப்போவில் வைத்த பெயர் டேங்க்கர். அவள் ஓட்டுவது என்னவோ டவுன் பஸ்தான். ஆனால் அந்த ரூட்டில் கிளம்புகிற இடத்தில் ஒரு கழிப்பறை, போய்ச் சேருகிற இடத்தில் ஒன்று, அவ்வளவுதான். ஆண் டிரைவர்கள் நடுவில் ஏதாவது சுவர் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். இவள் எங்கே ஒதுங்குவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி ஓட்டி, யாராலும் முடியாத அளவுக்கு அடக்கப் பழகிவிட்டாள். அதில் பெருமை வேறு.

"அண்ணி, மார்க்கெட்ல லேசா தோணும். பாலத்து ஸ்டாப்ல பாதி. ஆஸ்பத்திரி ஸ்டாப்ல முக்கால். கடைசி ஸ்டாப்ல கண்ணே தெரியாது" என்பாள்.

"கண்ணு தெரியாதவ கையிலயா பஸ்ஸைக் குடுத்து வச்சிருக்காங்க?" என்பேன் நான்.

எனக்கு வேலை ஸ்கேன் சென்டரில். நான் டாக்டர் இல்லை. வருகிற பெண்களைத் தண்ணீர் குடிக்க வைப்பது, குடித்ததை வெளியேற்றிவிடாமல் மிரட்டி உட்கார வைப்பது, கட்டிலில் ஏற்றி இறக்குவது, வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்துவிடுவது, இதெல்லாம் என் பொறுப்பு. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் மேலிருந்து பார்க்கும்போது கர்ப்பப்பையும் சினைப்பைகளும் தெளிவாகத் தெரியும். அதனால் எங்கள் ஹாலில் எப்போதும் நாலைந்து பெண்கள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பார்கள். தாங்க முடியாமல் என்னைத் திட்டுவார்கள். நானும் திருப்பித் திட்டுவேன். வாய் இல்லாவிட்டால் இந்த வேலையில் பிழைக்க முடியாது.

டேங்க்கருக்கு வலது பக்கச் சினைப்பையில் கட்டி. மாதவிலக்கு வந்தால் பஸ்ஸை நடுவழியிலேயே ஓரம் கட்டிவிடும் அளவுக்கு வலி. கட்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. சினைப்பையையே மொத்தமாக அது தின்றுவிட்டது, கட்டியோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும், முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் அம்மா எச்சரித்துவிட்டார். இவள் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஏனென்றால் அவளுக்கு இடது பக்கம் சினைப்பை கிடையாது. இருக்கிற ஒன்றையும் எடுத்துவிட்டால் குழந்தை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிடையாது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளையிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தோம். அவர் தச்சர், தங்கமான மனிதர். "ஒண்ணு இருக்குல்ல, போதும்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். சினைப்பையில் இந்தக் கட்டி வந்த பிறகு அந்த மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது.

"எடுத்துடு. பிள்ளை வேணாம். எனக்கு நீ போதும்" என்று கெஞ்சினார்.

"உனக்குப் போதும். எனக்குப் போதாது" என்றாள் இவள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் இவள்.

போன மாதம் வலி தாங்காமல் சர்ஜனிடம் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். "இடது பக்கத்தை எப்போ எடுத்தாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எடுக்கல டாக்டர். பிறவியிலேயே இல்ல."

"அது ரொம்ப அபூர்வமாச்சே. யார் சொன்னது?"

"அம்மா சொன்னாங்க."

"அம்மாவுக்கு யார் சொன்னது?"

அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. வீட்டுக்கு வந்து என் மாமியாரைக் குடைந்தோம். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் வயிற்று வலி என்று ஒரு ஸ்கேன் எடுத்தார்களாம். எடுத்தவர் "இடது பக்கம் தெரியலை" என்றாராம். அவ்வளவுதான். தெரியவில்லை என்றதை மாமியார் இல்லை என்று புரிந்துகொண்டார், வீடும் அப்படியே நம்பியது. அதற்குப் பிறகு எத்தனை ஸ்கேன்! ஒவ்வொரு முறையும் கட்டிலில் படுத்ததும் இவளே முந்திக்கொண்டு, "எனக்கு இடது பக்கம் கிடையாது" என்று சொல்லிவிடுவாள். இல்லாததை யார் மெனக்கெட்டுத் தேடுவார்கள்? எனக்கு வந்த கோபத்தில் மாமியாரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த அம்மா அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

"அண்ணி, இந்தத் தடவை நான் வாயே திறக்க மாட்டேன். தேடிப் பார்க்கட்டும். நிஜமாவே இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்றேன்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவள், என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் சென்டருக்கே வரச்சொன்னேன். தச்சரும் வந்து ஹாலில் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். இவளோ பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தாள். "போதும்டி, வெடிச்சிடப் போற" என்றேன். கேட்டால்தானே! எப்படியாவது கண்டுபிடித்தாக வேண்டும் என்ற வெறியில் குடித்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே எங்கள் டாக்டர் அம்மா கருவியை வயிற்றில் வைத்ததுமே சிரித்துவிட்டார். "என்னம்மா இது, யூரின் பையா, ஏரியா? இவ்வளவு நிறைஞ்சிருந்தா எல்லாத்தையும் தள்ளிவிட்டுடும். ஒண்ணும் தெரியல. முழுசா போயிட்டு வாங்க, உள்பக்கமா பார்ப்போம்."

போய்விட்டு வந்தாள். பிறப்புறுப்பின் உள்வழியாகப் பார்த்ததில் வலது பக்கக் கட்டி பளிச்சென்று தெரிந்தது. இடது பக்கம் குடல்தான் நெளிந்துகொண்டிருந்தது. டாக்டர் கருவியை அப்படியும் இப்படியும் திருப்பினார், என்னை அடிவயிற்றில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, "இடது பக்கம் தெரியலம்மா. இறங்குங்க" என்றார்.

அதே வார்த்தை. வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள், டாக்டர் சாப்பிடவும் போகவில்லை. இவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"டாக்டர், தெரியலையா, இல்லையா?"

"தெரியல."

"இல்லைன்னு சொல்லிடுவீங்களா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்படி நான் சொல்லலையே."

"அந்த ஒரு வார்த்தையில ஏமாந்துதான் டாக்டர் இத்தனை வருஷம் போச்சு. என் வீட்டுக்காரர் வெளிய உட்கார்ந்திருக்காரு. தெரியலைங்கிறதை வச்சுக்கிட்டு நான் அவர்கிட்ட என்ன சொல்றது? இருக்குன்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ஒண்ணைச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் போகப்போறதில்ல."

நான் பயந்துபோனேன். எங்கள் டாக்டரிடம் யாரும் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் டாக்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சில பேருக்கு ஓவரி மேல ஏறி ஓரமா ஒதுங்கியிருக்கும். உள்வழியா எட்டாது. வயித்து மேல இருந்துதான் பிடிக்கணும். ஆனா முன்ன மாதிரி ஏரியை நிரப்பிக்கிட்டு வந்தா நடக்காது. பாதிதான் இருக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதை யாராலயும் சரியா சொல்ல முடியாது, அதான் கஷ்டம்."

டேங்க்கரின் முகம் மாறியது. "பாதிதானே? பாலத்து ஸ்டாப் அளவு. எனக்குத் தெரியும் டாக்டர்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "அவ பஸ் டிரைவர் டாக்டர்" என்றேன். வேறு எப்படி விளக்குவது?

மறுபடி குடித்தாள். இந்த முறை நிதானமாக. ஹாலில் மற்றப் பெண்கள் நடந்துகொண்டிருக்க, இவள் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்து மனசுக்குள் பஸ் ஓட்டினாள். "வந்துடுச்சா?" என்று ஒருமுறை கேட்டேன். "மார்க்கெட் தாண்டியாச்சு, சும்மா இருங்க அண்ணி" என்று அதட்டினாள். தச்சர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பாவம். டாக்டர் அதற்குள் இருந்தவர்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, சாப்பிடப் போகாமல் உள்ளேயே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். "பாலம்" என்றாள்.

டாக்டர் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். "அட, சரியான அளவு!" என்றார். இடது பக்க ஓரத்தில் கருவியைச் சாய்த்து, அழுத்தி, மெல்ல மேலே நகர்த்தினார். குடல் விலகியது. மூடியது. மறுபடி விலகியது. நான் டிஷ்யூவைக் கசக்கிக்கொண்டு நின்றேன். எத்தனையோ பேருக்கு ஸ்கேன் நடந்து பார்த்தவள் நான். அன்றைக்கு மட்டும் மூச்சுவிடவே பயமாக இருந்தது.

கருவி நின்றது.

"இங்க பாருங்க" என்றார் டாக்டர். ஸ்கிரீனை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று, அதற்குள் குட்டிக் குட்டியாகக் கறுப்பு வட்டங்கள். "இதுதான் உங்க இடது ஓவரி. இந்தக் கறுப்பெல்லாம் முட்டை வளர்ற பைங்க. பார்க்க நல்லா இருக்கு. குழந்தை பிறந்துடும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இருக்கு. இல்லைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது."

அவள் அழவில்லை. ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "அப்போ வலது பக்கத்தை எடுத்துடலாம். சர்ஜன்கிட்ட இன்னைக்கே நாள் கேட்கிறேன்" என்றாள். எத்தனை நாள் அந்த மனிதர் கெஞ்சியும் வராத வார்த்தை. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. ஜெல்லைத் துடைக்க வேண்டிய டிஷ்யூவில் மூக்கைச் சிந்தினேன்.

கதவைத் திறந்ததும் தச்சர் எழுந்து நின்றார்.

"இருக்கு" என்றாள். "நீ என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கும் இருந்திருக்கு."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தார். ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவள் அவர் தலையில் ஒரு கையை வைத்தாள். மறு கையால் அவரை மெல்ல ஒதுக்கினாள்.

"அழு, நல்லா அழு. ஆனா வழிய விட்டுட்டு அழு. கடைசி ஸ்டாப் வந்துடுச்சு" என்று கழிப்பறைக்கு ஓடினாள்.