றிஸ்மினாவின் பட்டரித் தண்ணீர்

தில்லையடிப் பக்கம் றிஸ்மினாவைத் தெரியாத த்ரீவீல்காரர் கிடையாது. புத்தளத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பட்டரி சீக்கிரம் செத்துப்போகும், அவ்வளவு உப்பு. றிஸ்மினா ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கும் தண்ணீருக்கோ ருசியே இல்லை. அதுதான் அதன் பெருமை.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவள் அவள். இங்கே அகதி முகாமில் மஸாஹிருக்கு வாழ்க்கைப்பட்டாள். தண்ணீர் வடிக்கும் கருவி அவர் கைவேலை. பீப்பாயில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி, குளிர்ந்த தொட்டிக்குள் அமிழ்ந்த ஒரு மூடிய பெட்டிக்குள் போய்த் துளியாகும். துளிகள் அடியிலுள்ள வளைந்த குழாய் வழியே போத்தலில் விழும். குழாயின் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்பதால் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு அந்த வழி அடைப்பு. அதற்காகவே பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு வைத்திருந்தார். காலையில் ஆவி கிளம்பியதும் அதைத் திறந்து, காற்றெல்லாம் போகும்வரை 'உஸ்' என்று ஆவியை வெளியே விடுவார்.

றிஸ்மினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் கண்ணெரிய விறகு வெச்சி எரிக்கிறது காகம் குளிக்கவா?"

"காத்து வாசல்ல குந்திக்கிட்டு இருந்தா ஆவி எப்படிப் புள்ள உள்ளுக்கு வரும்?" என்பார் அவர், சிரித்துக்கொண்டே.

இருபத்தெட்டு வருடம், காலைத் தேத்தண்ணிக்குச் சீனிபோல இந்தச் சண்டை.

போன வருடம் நோன்புக்கு முன்பு மஸாஹிர் மவுத்தானார். விதவை வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்து அடுப்பை மூட்டிய றிஸ்மினா செய்த முதல் வேலை, அந்தத் திருகை இறுக்கி மூடியதுதான். மனுசன் போனாலும் பிடிவாதம் போகவில்லை. ஆனால் தண்ணீர் குறைந்தது. நெருப்பைக் கூட்டிப் பார்த்தாள். சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே ஒரு பாத்திஹாவே ஓதிவிடலாம். கருவிக்கும் வயதாகிவிட்டது என்று நினைத்தாள். வாடிக்கைக்காரர்களும் வேறு இடம் பார்த்தார்கள்.

"அதப் பழைய இரும்புக்குக் குடுத்துட்டு எங்களோட வந்து இருங்க உம்மா," என்றாள் நீர்கொழும்பிலிருந்து மகள் ஸஹ்றா. ஒரு ஊரை விட்டு வந்தவளுக்கு இரண்டாம் தடவையும் வீட்டைப் பூட்டுவது நெஞ்சை அறுத்தது. என்றாலும் சம்மதித்தாள்.

பழைய இரும்பு எடுக்கும் அக்ரம் வருவதாகச் சொன்ன காலையில், கடைசியாக ஒரு தடவை அடுப்பை மூட்டினாள். வேலைக்காக அல்ல. அந்த 'உஸ்' சத்தத்தைக் கேட்க ஆசையாக இருந்தது. திருகைத் திறந்தாள். அவர் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. ஆசை தீருமட்டும் கேட்டுவிட்டு மூடினாள்.

சற்று நேரத்தில் குழாயிலிருந்து வந்தது சொட்டு அல்ல. நூல் பிடித்தாற்போலத் தண்ணீரே வந்தது. போத்தல் நிறைந்து கால் நனையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை மாதமும் காற்று பெட்டியின் குளிர்ந்த சுவரை மூடிக்கொண்டு, ஆவியை அதில் தொடவிடாமல் மறித்திருக்கிறது. சுவரைத் தொடாத ஆவி எங்கே துளியாவது?

"ராத்தா, தூக்குவமா?" அக்ரம் லொறியை நிறுத்திவிட்டு வந்தான்.

"ஏலாது தம்பி. நான் எங்கயும் போகல்ல."

லொறி போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"நீங்க சொன்னதுதான் சரி," என்றாள் வாய்விட்டு. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாளாவது அவள் அதைச் சொல்லியிருந்தால், மனுசன் ஊரைக் கூட்டிச் சொல்லிச் சிரித்திருப்பார்.