பிலிமின் உள் பக்கம்

தெருவில் அவரை எல்லோரும் இஞ்சுடேப் என்பார்கள். தையற்காரர். கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. பல் டாக்டரிடம் போனபோதுகூடக் கழற்றவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் அளவு சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரைத்தான் ஒரு கேமரா தலைகால் புரியாமல் ஆக்கிவிட்டது.

கேமரா என்றால் கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்து பார்க்கிற பெட்டி. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். ஷட்டர் மக்கர் செய்ததால் சர்வீஸுக்குப் போய் அன்றுதான் திரும்பியிருந்தது. "ஒரு ரோல் போட்டுப் பாருங்க மாஸ்டர், குறை இருந்தா கொண்டாங்க" என்றிருந்தார் மெக்கானிக்.

அந்த ஒரு ரோலில் இவருக்கு ஒரு காரியம் இருந்தது. போன வருஷம் மனைவிக்கு முகவாதம் வந்து, ஒரு பக்கம் லேசாகத் தொய்ந்து நின்றுவிட்டது. அதிலிருந்து அவள் எந்தக் கேமராவுக்கு முன்னாலும் வருவதில்லை. தூர ஊரில் வேலை பார்க்கும் மகளோ, "ஒரே ஒரு போட்டோப்பா. வெறும் குரலா கேட்டுக் கேட்டு, ரேடியோகூடப் பேசற மாதிரி இருக்கு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ்டுக்குன்னா நிக்கறேன்," என்றாள் மனைவி. "அனுப்பறதும் அனுப்பாததும் நான் பாத்துட்டுச் சொல்லுவேன்."

"சரிம்மா, உன் இஷ்டம்."

முதலில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்தார், கூர்மை பார்க்க. ரோலின் கடைசி மூன்று படத்துக்கு அவளை வெறும் சுவருக்கு முன் உட்காரவைத்தார். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். அவளைக் கட்டத்துக்குள் கொண்டுவர இவர் இந்தப் பக்கம் திரும்பினால், அவள் அந்தப் பக்கம் ஓடிப்போனாள்.

"நான் அசையவே இல்லைங்க. நீங்கதான் ஆடறீங்க."

"நீ வேற! எனக்கே திசை தெரியல."

அவள் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து அழுத்தினார்.

குளியலறைக் கதவிடுக்கில் வெட்டுத் துணியை அடைத்து, இருட்டில் பிலிமைச் சுற்றி டப்பாவுக்குள் மூடி, விளக்கைப் போட்டபின் மருந்து ஊற்றிக் குலுக்கி, கழுவி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். காய்ந்ததும் மும்மூன்று படமாக வெட்டி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். போனில் எடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினார். செய்தித்தாள் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெளிவாக இருந்தது. கேமரா தேறிவிட்டது.

கடைசித் துண்டுக்கு வந்தபோதுதான் போனைச் சட்டென்று விலக்கிப் பிடித்தார். அவள்தான், ஆனால் அவள் இல்லை. ஜாடையில் ஒத்த யாரோ ஒருத்தி அவள் இடத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி.

மனைவி எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பரவாயில்லையே. தினம் கண்ணாடியில பாக்கற அதே மூஞ்சிதான். அனுப்புங்க." சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அனுப்ப வேண்டியதுதானே? விரல் வரவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"அண்ணே, உள்ள கண்ணாடியத் திருப்பி மாட்டிட்டீங்களா? ஆள் மாறி விழுது."

"நான் ஷட்டரத்தான் பாத்தேன் மாஸ்டர். ஆள மாத்தற சர்வீஸெல்லாம் என்கிட்ட இல்ல."

மறுபடி படத்தைப் பார்த்தார். கடிகாரம் வலது கையில். அவள் இடது கையில்தானே கட்டுவாள்? துண்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்துத் தடவினார். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மங்கல். துணியின் நல்ல பக்கம் எது, உள் பக்கம் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல்கள். இந்த ஒரு துண்டை மட்டும் தடவாமலே, மங்கல் பக்கம் தன்னைப் பார்க்கும்படி ஒட்டியிருந்தார்; இடம் வலமாகிவிட்டது. பாவம், பழி மெக்கானிக்குக்கு.

திருப்பி ஒட்டி எடுத்தார். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் வந்துவிட்டாள். குழப்பம் இப்போதுதான் முற்றியது. சொன்னால் 'அனுப்பாதீங்க' என்பாள். சொல்லாமல் முந்தினதை அனுப்பினால் மகளிடம் யாரோ ஒருத்தி போய்ச் சேருவாள். சொல்லாமல் இதை அனுப்பலாமா? அவள் சரி என்றது இதைப் பார்த்து இல்லையே.

அடுப்படிக்குப் போய் இரண்டையும் காட்டினார். "முதல்ல காட்டினது தப்பும்மா. திருப்பி ஒட்டிட்டேன். இதுதான் சரி."

அவள் முகம் சுருங்கியது. "ஐயோ, வாய் எங்கயோ போகுதே. இது யாருங்க?"

"நீதான்."

"அப்ப அது?"

"அதுவும் நீதான். அது கண்ணாடியில உனக்குத் தெரியறது, இது எதிர்ல எனக்குத் தெரியறது."

"ஒரு வருஷமா இதையா பாத்துட்டு இருக்கீங்க? பயமா இல்ல?"

"அந்த முதல் படத்தப் பாத்துதான் பயந்தேன்."

அவள் நம்பவில்லை. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ்வளவு பழக்கமா? தொய்ஞ்சது எந்தப் பக்கம்னு பாக்காம சொல்லுங்க."

அவர் கை தானாக எழுந்து தன் கன்னத்தைத் தொட்டது. இந்தப் பக்கம். ஆனால் எதிரே நிற்கிறவளுக்கு இது எந்தப் பக்கம்? கையை மாற்றினார். மறுபடி மாற்றினார்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். "நல்ல டெய்லர்!" சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்து, போனை இன்னொரு தரம் பார்த்தாள். "யார் பாத்தாலும் எதிர்ல நின்னுதானே பாக்கப்போறாங்க. சரியானதையே அனுப்புங்க. தப்பானது எனக்கு."

திரையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இதில் சரியானது எது? படத்துக் கடிகாரத்தை அவள் கையோடு ஒத்துப் பார்க்கத் திரும்பினார். பாத்திரம் தேய்க்க அவள் அதைக் கழற்றி வைத்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த முகம் இருந்த படத்தை அழுத்தினார்.