எட்டே முக்காலும் ஒன்பதே முக்காலும்

போன மாதம் இந்தத் தீவில், பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இளம் இன்ஜினியர் சுண்ணாம்புப் பொடியால் நாலு கோடு போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சது மேடம்" என்றார். கார் ஷெட்டுக்கான கோடு அது. அகலம் பத்தடி, நீளம் பதினாறு. "ஸ்டாண்டர்ட் சைஸ்" என்று வேறு சொன்னார். இந்த ஸ்டாண்டர்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோ ஒருத்தரை அளந்துவிட்டு ஊரிலிருக்கும் எல்லோரையும் அதற்குள் நுழையச் சொல்வது என்ன நியாயம்? செருப்புக் காலால் ஒரு கோட்டை அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அவர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா ராஜம் எங்களோடேயே இருக்க வரப்போகிறாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவள். தனியாள். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் போய்விட்டது. முன்பெல்லாம் தொடை வரைக்கும் கம்பி வைத்த இரும்புக் காலணியும் இரண்டு ஊன்றுகோலுமாக நடப்பாள். இப்போது தோள்பட்டை தேய்ந்து வீல்சேருக்கு வந்துவிட்டாள். வா வா என்று நான் நச்சரித்தபோது போனில் தெளிவாகச் சொன்னாள்: "வர்றேன்டி. ஆனா ஒண்ணு. கார்லருந்து நானா எறங்கணும், நானா வீட்டுக்குள்ள போகணும். யாரும் என்னைத் தூக்கப்படாது. முடியும்னா சொல்லு, டிக்கெட் போடுறேன். முடியாதுன்னா வெக்கப்படாமச் சொல்லிரு. நான் இங்கிட்டே கெடந்துக்கிறேன்."

அவள் சும்மா பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. இங்கே மே மாதம் பிடித்த மழை டிசம்பர் வரைக்கும் விடாது. எங்கள் வீடோ ரோட்டிலிருந்து இறங்கிப் போகிற சரிவில் இருக்கிறது. மழையில் நனைந்த சரிவில் வீல்சேர் என்றால் யாராவது பிடித்துத்தான் ஆக வேண்டும். கார் நேராகக் கூரைக்குள் போய் நிற்க வேண்டும், அங்கிருந்தே வீட்டுக்குள் ஒரு கதவு வேண்டும். அதனால்தான் இந்த ஷெட். பத்தடியா, பதின்மூன்றடியா என்பது எனக்கு அக்கா வருவாளா மாட்டாளா என்ற கேள்வி. அந்தப் பையனுக்கு இது எப்படித் தெரியும், பாவம்.

மழை வாசனையோடு சுண்ணாம்பு வாசனையும் கலந்து வந்தது. உங்களுக்கு அந்த வாசனை தெரியுமோ என்னவோ, என்னை அது நேராக இதே ஊரின் மரைன் ஹில்லில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அப்பா அங்கேதான் சொந்தமாக வீடு கட்டினார். ஹார்பரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். பரமக்குடிக்காரர். இருபத்திரண்டு வயதில் கப்பலேறி, மூன்று நாள் வாந்தியெடுத்து, இனி இந்தக் கடலைத் தாண்டவே மாட்டேன் என்று சபதம் செய்து இங்கேயே தங்கியவர். ஆபீஸில் அவருக்கு ஹிந்திப் புலி என்று பெயர். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திறங்கும் தமிழ் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் வாய். எங்கள் தீவு ஹிந்தியில் மேசை ஆணா, நாற்காலி பெண்ணா என்று யாரும் சண்டை பிடிப்பதில்லை. எல்லாம் ஒரே ஜாதி. அதனால் அப்பாவின் புலித்தனத்துக்கு ரொம்ப நாள் எந்த ஆபத்தும் வரவில்லை.

அக்கா காலேஜில் சேர்ந்த வருஷம் அப்பா மெட்ராஸிலிருந்து ஒரு பழைய ஃபியட் காரைக் கப்பலில் வரவழைத்தார். அதற்கு முன்னால் அவள் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். கண்டக்டர் ரொம்ப நல்ல மனிதர். அவளைக் கண்டதும் கேட்காமலேயே இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். பஸ்ஸே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து அக்கா அழ மாட்டாள், சாப்பிட மாட்டாள். அப்பா இரண்டு வாரம் அதைப் பார்த்தார். மூன்றாவது வாரம் காருக்குச் சொல்லிவிட்டார்.

கார் வந்ததும் அதற்கு வீடு. வீட்டை ஒட்டினாற்போல ஷெட், ஷெட்டிலிருந்தே உள்ளே ஒரு கதவு. அப்பா அளந்த அழகைச் சொல்ல வேண்டும். அக்காவைக் காரில் உட்காரவைத்து, அவள் பக்கத்துக் கதவை முழுக்கத் திறந்து, ஊன்றுகோலோடு இறங்கச் சொல்லி, அம்மாவின் தையல் டேப்பால் தரையோடு தரையாகக் குனிந்து அளந்தார். அந்த இரும்புக் காலணி முழங்காலில் மடங்காது. கதவு முழுசாகத் திறந்தால்தான் கால் வெளியே வரும். காருக்கு ஐந்தடி, அவர் இறங்க ஒன்றரை, அக்கா இறங்க மூன்றே கால். கூட்டினால் ஒன்பதே முக்கால். உள் அளவு. எனக்குத் தெரிந்து, மூடிய காரை அளக்காமல் திறந்த காரை அளந்த முதல் ஆள் அவர்தான்.

வேலைக்கு எத்வா மிஸ்திரி வந்தார். ராஞ்சிக்காரர், அதிகம் பேச மாட்டார். அப்பா அவரிடம் அகலம் "பவுனே நௌ ஃபுட்" என்று மூன்று தரம் சொன்னார். மிஸ்திரி மூன்று தரமும் தலையாட்டினார். மறுநாள் அப்பா ஒரு மாத டியூட்டியாகக் கார் நிக்கோபார் என்ற தீவுக்குக் கப்பலேறிவிட்டார்.

திரும்பி வந்தபோது சுவர் எழும்பி, மேலே தகரமும் போட்டாகிவிட்டது. அப்பா குளிக்கக்கூட இல்லை. அக்காவை முன்சீட்டில் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டே காரை உள்ளே விட்டார். நானும் அம்மாவும் உள்கதவில் நின்றோம். அக்கா கதவைத் திறந்தாள். பாதியில் அது சுவரில் முட்டி நின்றது. இன்னொரு தரம் திறந்தாள். மறுபடியும் முட்டியது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன்.

அப்பா டேப்பை எடுத்துவந்து அளந்தார். எட்டே முக்கால். ஆள் அனுப்பி மிஸ்திரியை வரவழைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை அக்கம்பக்கத்து வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் எல்லோரும் வேலியோரம் நின்று பார்த்தார்கள்.

"மைனே கித்னா போலா? பவுனே நௌ!" என்று அப்பா கத்தினார்.

"ஹான் சாப், பவுனே நௌ. ஆப்னே பவுனே நௌ போலா, ஹம்னே பவுனே நௌ பனாயா" என்றார் மிஸ்திரி.

"பவுனே நௌ போலா தோ பவுனே நௌ கியோன் நஹி பனாயா?"

"பவுனே நௌ ஹீ தோ பனாயா, சாப்!"

சொன்ன அளவை ஏன் கட்டவில்லை என்று அப்பாவும், சொன்ன அளவைத்தானே கட்டினேன் என்று மிஸ்திரியும் ஒரே வார்த்தையை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். விட்டிருந்தால் அன்றைக்குக் கைகலப்பே ஆகியிருக்கும். காரில் உட்கார்ந்தபடியே அக்காதான் வழக்கைத் தீர்த்தாள்.

"அப்பா, ஹிந்தில பவுனேன்னா கால் கொறச்சல். பவுனே நௌன்னா ஒம்பதுக்குக் கால் கொறச்சல், எட்டே முக்கால். நீங்க பவுனே தஸ், பத்துக்குக் கால் கொறச்சல்னு சொல்லியிருக்கணும்."

முக்காலுக்குப் பவுனே, ஒன்பதுக்கு நௌ என்று தமிழிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து அடுக்கியிருக்கிறார் மனிதர். ஆபீஸில் மணியெல்லாம் இங்கிலீஷிலேயே ஓடிவிட்டதால் இது அதுவரை பிடிபடவில்லை. வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பா டேப்பைச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் பார்த்தால் அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். தன் பக்கத்தில் அரையடி மட்டும் விட்டு, சுவரை உரசினாற்போலக் காரை நிறுத்துவார். அக்காவுக்கு அவளுடைய மூன்றே காலடி முழுசாகக் கிடைத்துவிடும். அவள் இறங்கி உள்ளே போனதும் அப்பா சீட்டோடு சீட்டாக இடதுபக்கம் நகர்ந்து அவள் கதவு வழியாக வெளியே வருவார். அந்தக் காரில் கியர் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும், முன்சீட் ஒரே பெஞ்சு, அதனால் முடிந்தது. ஆனால் அப்பாவுக்கு நல்ல தொப்பை. நகரும்போதெல்லாம் அது ஹாரனை அழுத்திவிடும். தினம் சாயங்காலம் ஹாரன் இரண்டு தரம் கேட்டால், சார் இறங்குகிறார் என்று தெருவுக்கே தெரியும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். "இதுல என்ன இருக்கு, எனக்கு வசதியாத்தான இருக்கு" என்பார் அப்பா, பேண்ட்டைத் தட்டிக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை. பத்து நாள் பார்த்தாள். பதினோராவது நாள் காலையில் காருக்குப் பக்கத்தில் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நின்றவள் ஏறவில்லை.

"நீங்க ஒங்க கதவுல எறங்குற வரைக்கும் நான் என் கதவுல ஏற மாட்டேன்ப்பா."

"ஒனக்காகத்தானே ஆத்தா."

"அதான் வேணாங்கிறேன். ஒங்கள நசுக்கிட்டு நான் நிமிந்து எறங்கணுமா? அதுக்குக் கண்டக்டர் தூக்குறதே மேல்."

இரண்டு நாள் காலேஜ் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எத்வா மிஸ்திரியின் வீட்டுக்குப் போனார். என்னை ஏன் கூட்டிப்போனார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவேளை சாட்சிக்காக இருக்கலாம். வாசலில் நின்றபடியே "கல்தி மேரா" என்றார். தப்பு என்னுது. அதிலும் ஆண்பால் பெண்பால் தப்பு. மிஸ்திரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வெளிச்சுவரை இடித்து ஓரடி தள்ளிக் கட்டினார்கள். அப்பா அளவைச் சொல்ல வாயைத் திறந்ததும் மிஸ்திரி கையை நீட்டித் தடுத்துவிட்டார். "போலோ மத் சாப். திகாவ்." சொல்லாதே, காட்டு. அப்பா காரைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பக்கக் கதவையும் முழுக்கத் திறந்துவைத்தார். அக்கா இறங்கி நின்றாள். அவள் ஊன்றுகோல் நின்ற இடத்தில் மிஸ்திரி ஆணி அடித்தார். சுவர் அந்த ஆணிக்கு வெளியே போயிற்று.

இதை எல்லாம் நான் இன்ஜினியரிடம் சொல்லவில்லை. சொன்னால் கிழவி கதை விடுகிறாள் என்பார். பக்கத்துத் தெருவில் ஒரு வீல்சேரை இரவல் வாங்கி, எங்கள் காரை அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, நானே சீட்டிலிருந்து நாற்காலிக்கு மாறிக் காட்டினேன். பத்தடிக்குள் அது நடக்கவில்லை. நாற்காலியின் ஒரு சக்கரம் கோட்டுக்கு வெளியே போய் என் வீட்டுக்காரரின் செருப்பில் ஏறியது. காருக்கு ஐந்தரை, அக்கா பக்கம் ஐந்து, ஓட்டுகிறவர் பக்கம் இரண்டு. மிச்சம் அரையடி போட்டுப் பதின்மூன்று. நீளம் பதினெட்டு, டிக்கியைத் திறந்து சாமான் இறக்க. பையன் தலையைச் சொறிந்தார். "அப்ப ஹால் சுவரை உள்ள தள்ளணும் மேடம். மூணடி போயிடும்."

என் வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. "ஏம்மா, கார் வாழப் போகுதா, நாம வாழப் போறமா?" என்றார்.

"நாமதான். நாம மூணு பேரு" என்றேன்.

சரி, அந்த மூன்றடியை விட்டாலும் தண்ணீர் டிரம் நாலும் ஷெட்டில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா என்றார். இங்கே குழாயில் தினம் தண்ணீர் வராது, டிரம் இல்லாத வீடு கிடையாது. எந்த ஷெட்டுக்குள்ளும் முதலில் டிரம் வரும், பிறகு பழைய சைக்கிள், பிறகு உடைந்த ஃபேன். கடைசியில் கார் ரோட்டில் நிற்கும். கூடாது என்றேன். ஒரு துடைப்பம்கூட அங்கே நிற்கக் கூடாது. நான்கு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நான் விடவில்லை. ஐந்தாம் நாள் அவரே சோபாவை விற்க ஆள் கூட்டிவந்தார்.

ஷெட் முடிந்தது. படி வைக்கவில்லை, தரை அப்படியே வீட்டுக்குள் ஓடும். இடதுபக்கச் சுவரில் ஒரு கொக்கி, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் வீட்டு வீல்சேர். காரிலிருந்தே இழுத்துக்கொள்ளலாம். இந்த ஊருக்குப் பெயரையே சர்க்கார் இப்போது மாற்றிவிட்டது. மரைன் ஹில்லில் எங்கள் வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. அப்பா, அம்மா, எத்வா மிஸ்திரி யாரும் இல்லை. இப்போதைய மேஸ்திரிகள் சுவரில் சிவப்பு விளக்கை அடித்து மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒருவரிடம் பவுனே தஸ் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். மொபைலில் தேடினார்.

போன வியாழக்கிழமை அக்கா வந்தாள். நல்ல மழை. ஏர்போர்ட்டிலிருந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கார் கூரைக்குள் வந்து நின்றது. அக்கா கதவைத் திறந்தாள். அது முழுசாகத் திறந்தது. நான் ஓடிப்போய் அவள் பக்கம் நின்றேன். காலேஜ் நாட்களில் கார் நின்றதும் அவள் என்னைத்தான் கூப்பிடுவாள். "ஏட்டி, தோளக் குடு." உள்ளே ஏறுகிற ஒரே ஒரு படிக்கு மட்டும். வேறு யாரையும் தொட விடமாட்டாள். எத்தனை கோபத்தில் இருந்தாலும், எத்தனை சண்டை போட்டிருந்தாலும் அந்த ஒரு படிக்கு நான் வேண்டும். அவள் கை என் இடது தோளில் அழுந்துகிற கனம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

கயிற்றை இழுத்தாள். நாற்காலி வந்தது. சீட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, கையை ஊன்றி, மூச்சுப் பிடித்து ஒரே நகர்வில் மாறி உட்கார்ந்தாள். நான் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தேன் போலிருக்கிறது.

"என்னடி கோணிக்கிட்டு நிக்கிற? வழிய விடு" என்றாள்.

விட்டேன். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். இதற்காகத்தான் இத்தனை அடம் பிடித்தேன். இனி அவள் என்னை அப்படிக் கூப்பிட மாட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஷெட் கதவைச் சாத்துகிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, அவளுக்குக் காபி போடப் போனேன்.